கூர்வளைவு பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிப் பேராலயங்களில் காணும் கூர்வளைவு, அதாவது உச்சி கூராக முடியும் வளைவு, கூப்பிய கைகளைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அழகான கற்பனைதான். ஆனால் அதோடு நீ நின்றுவிட்டால், அந்தக் கொத்தர்கள் தீர்த்துவைத்த கணக்கு உன் கண்ணில் படாமலே போய்விடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கூர்வளைவு கோதிக் பாணிக்கும் மூத்தது. 879ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளிவாசலில் அது வரிசை வரிசையாக நிற்கிறது.

கவராயத்தை எடுத்துக்கொள். தாளில் 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்து அரைவட்டம் வரைந்தால் உயரம் 3 செ.மீ.; அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. இனிக் கவராயத்தை 6 செ.மீ. விரித்து, ஒரு புள்ளியில் முள்ளை ஊன்றி மறுபுள்ளியிலிருந்து மேல்நோக்கி ஒரு வில்லும், அப்படியே மாற்றி ஊன்றி இன்னொரு வில்லும் வரை. இரண்டும் ஏறத்தாழ 5.2 செ.மீ. உயரத்தில் கூடும். முள்ளை அதே கோட்டில் வெளியே நகர்த்தி 9 செ.மீ. ஆரம் வைத்தால், உச்சி 6.7 செ.மீட்டருக்கு ஏறும். அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் கட்டுபவர் கைக்கு வந்துவிட்டது.

கூரையில்தான் இதன் அருமை தெரியும். செவ்வகமான ஓர் அங்கணத்தின், அதாவது நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின், நீளம், அகலம், மூலைவிட்டம் மூன்றும் வெவ்வேறு அளவு என்பதால், மூன்றிலும் அரைவட்டம் எழுப்பினால் உச்சிகள் மூன்று மட்டங்களில் நிற்கும். கூர்வளைவோ அவற்றை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அரைவட்டத்தைவிட அது பக்கவாட்டில் தள்ளுவதும் குறைவு. மிஞ்சிய தள்ளலை வெளியே நிற்கும் உதைசுவர்கள் வாங்கிக்கொள்ள, சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. மடத்தலைவர் சூஜேர் எழுப்பி 1144இல் புனிதப்படுத்தப்பட்ட, பாரிஸ் அருகேயுள்ள சான் தெனி ஆலயத்தின் கிழக்குப் பகுதியில் அந்த வெளிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானது, பிரான்சின் போவே பேராலயம். 1272இல் முடிந்த அதன் கிழக்குப் பகுதியின் கூரை ஏறத்தாழ 48 மீட்டர் உயரம். 1284இல் அதில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கொத்தர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை. பழைய தூண்களுக்கு நடுவே புதிய தூண்களை நிறுத்தினார்கள். அகன்ற ஒவ்வொரு வளைவின் இடத்திலும் இரண்டு குறுகிய வளைவுகள், ஈட்டிமுனைபோல் கூர்ந்து எழுந்தன. அரைவட்டத்தை மட்டுமே அறிந்திருந்தால், அகலம் பாதியானபோதே வளைவின் எழுச்சியும் பாதியாகியிருக்கும். அங்கே போகும்போது, அந்த இடைத்தூண்களின் அடியில் நின்று மேலே பார்.

அன்புடன்,
அண்ணன்