விளக்கை அணைத்துவிட்டோம், அப்புறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சூழலும் பொதுநலமும் பற்றிய உரையாடலை ஒரே மூச்சில் படித்தேன். பேசிய எல்லோருமே விஷயம் தெரிந்தவர்கள், அக்கறையோடும் பேசினார்கள். ஆனால் கடைசிப் பத்தியில் "நாம் ஒவ்வொருவரும் மாற வேண்டும்" என்று முடிந்தபோது சப்பென்று ஆகிவிட்டது. சூழல் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. விளக்கை அணையுங்கள், குழாயை மூடுங்கள், பையைக் கையோடு கொண்டு போங்கள். சரி, அணைத்தாயிற்று, மூடியாயிற்று. அப்புறம்?

நல்ல பழக்கங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு, காடு, மீன், காற்று எல்லாம் பலர் சேர்ந்து அனுபவிப்பவை. அங்கே ஒருத்தர் கட்டுப்பாடாக இருந்தால் மிச்சமாவதைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். விதியை யார் போடுவது, மீறினால் யார் தட்டிக் கேட்பது, செலவு யார் தலையில் விழும் என்று உங்கள் உரையாடலில் யாரும் கேட்கவில்லை. அவரவர் கார்பன் தடத்தை, அதாவது தன் வாழ்க்கைமுறையால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை, அவரவரே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழக்கத்தை 2000களில் ஊரெல்லாம் பரப்பியதில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எண்ணெய் விற்பவருக்கு அது வசதியான கேள்விதானே.

உரையாடலில் ஒருவர் பொது மேய்ச்சல் நிலத்தின் கதையைச் சொன்னார். ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக ஓட்டிவருவார்கள், கடைசியில் புல்லே இருக்காது என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதியது அது. பொதுவில் விட்டால் நாசம்தான், தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசாங்கம் கையில் எடுக்கட்டும் என்று அதிலிருந்து பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். உங்கள் பக்கத்திலும் கதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மறுப்பாக எலினார் ஆஸ்ட்ரம் ஊர் ஊராகச் சேர்த்துவைத்த சான்றுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர், 2009இல். பொதுவில் இருப்பதை ஊரே சேர்ந்து விதி போட்டு நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றிவந்த இடங்கள் உலகமெங்கும் இருக்கின்றன என்று காட்டியவர்.

அவர் எடுத்துக்காட்டுகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் மலையூரான டோர்பல். அங்கே 1517இலேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் எத்தனை பசுவுக்கு ஒருவர் தீனி போட முடியுமோ, அத்தனை பசுவைத்தான் அவர் பொது மலைப் புல்வெளிக்கு அனுப்பலாம். குளிர்காலத் தீனி அவரவர் சொந்த நிலத்து வைக்கோல். அதனால் யாருக்கு எத்தனை பசு என்பதில் பெரிய சண்டைக்கே இடமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. மீறினால் அபராதம். அபராதம் வசூலிக்கும் ஆளுக்கு அதில் பாதி. கண்காணிப்பவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நல்ல மனசை நம்பி எழுதிய விதி இல்லை இது, ஆனாலும் புல் தப்பியது.

ஸ்பெயினில் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம் இன்னொன்று. வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. எட்டுக் கால்வாய்களின் பாசனக்காரர்கள் தங்களுக்குள்ளே தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான் நீதிபதிகள். எல்லாம் வாய்மொழியாகவே, அங்கேயே, எல்லோர் முன்னாலும் நடக்கும். வழக்கு எந்தக் கால்வாயைச் சேர்ந்ததோ அந்தக் கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பில் தலையிடக் கூடாது. நான் போன எத்தனையோ சூழல் கூட்டங்களில் மைக் ஒன்றரை மணி நேரம் மேடையிலேயே சுற்றிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் "கேள்வி நேரம்" என்று கீழே வரும். அந்தப் பத்து நிமிடத்தையும் ஒருவர் கேள்வியே கேட்காமல் பேசித் தீர்த்துவிடுவார். வலென்சியாவில் முறையிட வந்தவர்தான் முதலில் பேசுகிறார். உரையாடல் என்றால் எனக்கு அதுதான்.

நேபாளத்துப் பாசன ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அங்கே விவசாயிகளே நடத்தும் வாய்க்கால்களில், ஆற்றுநீரை வாய்க்காலுக்குத் திருப்பும் தலைப்பு அணை கல், மண், மரக்கிளை வைத்துக் கட்டியது. வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். அரசு கட்டித் தந்த இடங்களில் உறுதியான கான்கிரீட் அணை. பார்த்தால் எது நன்றாக ஓடும் என்று சொல்வோம்? ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் போய்ப் பார்த்ததில், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில் விவசாயிகளின் வாய்க்கால்கள்தான் பொதுவாக முந்தியிருந்தன. அதற்கு அவர் சொல்லும் காரணம் எளிது. மண் அணையை ஆண்டுதோறும் கட்ட மேல்மடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உடலுழைப்பு தேவை. "எனக்குத் தண்ணீர் விடாவிட்டால் நான் வேலைக்கு வரமாட்டேன்" என்று கடைமடைக்காரர் சொல்ல முடியும். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போனது. தேவை போனதும் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போனது. வெளியிலிருந்து வந்த நல்ல உதவி, உள்ளே இருந்த பேரத்தை உடைத்துவிட்டது. திட்டம் தீட்டுகிறவர்கள் கான்கிரீட்டின் ஆயுளைக் கணக்குப் பார்க்கிறார்கள். யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்பதையும் அப்படியே கணக்குப் பார்த்தால் தேவலை.

இதைப் படித்துவிட்டு, "ஊர்க்கூட்டத்தில் பெரிய தலைகள் வைத்ததுதானே சட்டம்" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊர் என்றாலே நல்லது என்று நானும் நம்பவில்லை. அப்புறம், காற்றுமண்டலத்துக்கு ஓர் ஊர்க்கூட்டம் போட முடியுமா என்றும் கேட்கலாம். ஒருமுறை போட்டிருக்கிறோம்.

குளிர்பெட்டியிலும் தெளிப்பான் டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதியது 1974இல். அண்டார்க்டிகா மேலே ஓசோன் கடுமையாக மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டது 1985இல். அந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது. அந்த இரண்டு வருட வேகத்தைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது செலவைப் பற்றி மேசையில் வெளிப்படையாகப் பேசியது. வளரும் நாடுகளுக்குக் கூடுதலாகப் பத்து வருட அவகாசம் தரப்பட்டது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் செலவுக்கென்று 1990இல் தனி நிதியமும் ஏற்பட்டது. "பூமி நம் எல்லோருக்கும் பொது" என்று சொல்லிக்கொண்டே பில்லை ஏழை நாட்டின் பக்கம் தள்ளிவிடவில்லை. உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. அண்டார்க்டிகா மேலே ஓசோன் 1980இல் இருந்த அளவுக்கு 2066 வாக்கில் திரும்பிவிடும் என்பது ஐ.நா. ஆதரவிலான மதிப்பீடு.

செலவைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை பிரான்ஸில் பார்த்தோம். அங்கே 2018இல் பருவநிலையின் பெயரால் டீசல் வரி ஏறியது. பெரும் செல்வந்தர்களின் சொத்து வரி தளர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். பேருந்து வராத புறப்பகுதிகளில் காரை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். இவர்களைச் சூழல் விரோதிகள் என்று ஒதுக்குவது எவ்வளவு அநியாயம்! அதன்பிறகு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. குலுக்கல் முறையில் 150 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, நிபுணர்களோடு உட்காரவைத்து, அக்டோபர் 2019 முதல் ஜூன் 2020 வரை பேசவிட்டது. 149 பரிந்துரைகள் வந்தன. வாகன வேகத்தைக் குறைப்பது, வீடுகளைக் குளிர் தாங்கும்படி சீரமைப்பது என்று கையில் பிடிக்கக்கூடிய பரிந்துரைகள். அதில் சிலவற்றை அதிபர் தொடக்கத்திலேயே ஒதுக்கினார், இன்னும் பலவற்றை நீர்த்துப்போகச் செய்துதான் சட்டமாக்கினார்கள். அரசு எப்படி நடந்துகொண்டது என்று பின்னர் உறுப்பினர்களிடமே மதிப்பெண் கேட்டபோது சராசரியாக 10க்கு 3.3 கொடுத்தார்கள். மக்களைக் கூப்பிட்டுப் பேசவைத்துவிட்டு முடிவை வேறு அறையில் எடுத்தால் இப்படித்தான். அடுத்த தடவை கூப்பிட்டால் யார் வருவார்கள்?

நாட்டின் மொத்த உற்பத்தி (ஜிடிபி) எண்ணை வைத்து மக்கள் நலனை அளக்கக் கூடாது என்று உங்கள் உரையாடலில் இரண்டு பக்கம் போயிருக்கிறது. மறுப்பில்லை. அந்தக் கணக்கை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸே 1934 அறிக்கையில் அந்த எச்சரிக்கையை எழுதிவிட்டார். 90 வருடமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்றுக்கு இரண்டு பக்கம் அதிகம்.

அடுத்த உரையாடலுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நிபுணர்களை அழைத்தால் கூடவே, அவர்கள் சொல்லும் திட்டம் நடந்தால் வேலையோ நிலமோ பறிபோகக்கூடிய ஒருவரையும் அழையுங்கள். சுரங்கத் தொழிலாளியாக இருக்கலாம், மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போடுகிறவராக இருக்கலாம். அவரைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைக்காமல் முதலில் பேசவிடுங்கள். நிபுணர்கள் அவருக்குப் பதில் சொல்லட்டும். இடம் போதாது என்றால் அந்த உற்பத்தி எண் பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தையும் தாராளமாக வெட்டுங்கள், நேபாளத்து வாய்க்காலை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

இப்படிக்கு,
தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்