சப்வூஃபர் விளம்பரத்தில் ஹெர்ட்ஸ் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்கள் உங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிட்டன. ஹோம் தியேட்டர் விளம்பரம் எதைப் பார்த்தாலும் வாட்ஸ் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதில் 'கும்' என்கிற தாழ்ந்த ஒலியை (பேஸ்) எழுப்பும் பெட்டியான சப்வூஃபர் எத்தனை ஹெர்ட்ஸ் வரை, அதாவது எவ்வளவு தாழ்ந்த ஒலி வரை, கீழே இறங்கும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஆம்ப், ஸ்பீக்கர் பழுது பார்த்தும், வீடுகளுக்குப் போய் மாட்டிக் கொடுத்தும் பிழைக்கிறவன் நான். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்கள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணாச்சி, 10 இன்ச் போதுமா, 12 இன்ச் எடுத்துரலாமா?" என்பதுதான். ரூம் எத்தனை அடி என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

தியேட்டருக்கென்று தனி அறை ஒதுக்குகிறவர்கள்கூட மும்பையில் இன்னொரு பெட்ரூமைத்தான் ஒதுக்க முடிகிறது. பத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிது. 12 அடி நீளமுள்ள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே முழங்கும். அந்த ஒலியின் பாதி அலை இரண்டு சுவருக்கும் நடுவே கச்சிதமாக அடங்குவதுதான் காரணம். சுவரோரம் தூக்கலாகக் கேட்கும், அறை நடுவில் காணாமல் போகும். நம் வீடுகளில் சோபா சுவரை ஒட்டித்தானே கிடக்கிறது!

சமீபத்தில் செம்பூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். புதிதாக வாங்கிய 12 இன்ச் சப்வூஃபரை டிவி ஷோகேஸ் பக்கத்து மூலையில் சொருகியிருந்தார்கள். படத்தில் குண்டு வெடித்து முடிந்த பிறகும் 'கும்'மென்று இழுத்துக்கொண்டே போனது. வசனம் அதில் மூழ்கிவிட்டது, ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கூடக் கொஞ்சம் பணம் போட்டுப் பெரிதாக மாற்றிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அவர் உட்காரும் சோபாவின் மேலேயே சப்வூஃபரைத் தூக்கி வைத்தேன். பேஸ் விடாமல் வருகிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, தலையைத் தாழ்த்திச் சுவரோரமாகத் தவழ்ந்து வரச் சொன்னேன். பால்கனிக் கதவருகே நின்று, "இங்க தெளிவா கேக்குதே" என்றார். சோபாவில் பெட்டி இருக்கும்போது எங்கே நன்றாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். அதனால் அங்கேயே டப்பாவை வைத்தோம். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை, 80 ஹெர்ட்ஸில் நிறுத்தி, வால்யூமைக் குறைத்து, மற்ற ஸ்பீக்கர்களோடு அலை ஒத்துப்போக ஃபேஸ் சுவிட்சைத் திருப்பிப் பார்த்தோம். வசனம் திரும்ப வந்துவிட்டது.

வாட்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எம்.பி.ஓ. (நொடிநேர உச்ச வாட்ஸ்) என்று போடுகிற எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, அதைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படுவதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சின்ன அறைக்கு நான் சிபாரிசு செய்வது ஓட்டை இல்லாத, முழுக்க மூடிய பெட்டி. அதன் பேஸ் கீழே போகப் போக மெதுவாகத்தான் குறையும், அந்தக் குறையைச் சின்ன அறையே ஓரளவு ஈடுகட்டிவிடும். ஓட்டை வைத்த பெட்டி அதே வாட்ஸில் அதிகமாக முழங்கும், ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். பட்ஜெட் இருந்தால் பெரிது ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு வாங்குங்கள். எல்லா இருக்கையிலும் பேஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கும்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை, ஆனால் சொசைட்டி மீட்டிங்கில் சண்டையாக வெடிப்பது இதுதான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. அந்த அளவு, தாழ்ந்த ஒலி நம் காதுக்குக் குறைவாகப் படுவதால் அதைக் கழித்துக் காட்டும் 'ஏ' வெயிட்டிங் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 30 டெசிபல் கழிந்துவிடும். அதாவது 75 டெசிபல் பேஸ் அடித்தாலும் மீட்டர் 45 என்றுதான் காட்டும். மொபைல் ஆப்பைக் காட்டி "சத்தமே இல்லையே" என்று வாதாடுகிறவரும் பொய் சொல்லவில்லை, சுவர் அதிர்ந்து குழந்தை எழுந்துவிட்டது என்கிறவரும் பொய் சொல்லவில்லை. ரப்பர் பாதம் போட்டால் தரை வழி போகிற அதிர்வு குறையும், காற்று வழி போகிற பேஸ் நிற்காது. இரவில் ரிசீவரில் பெருஞ்சத்தத்தை அடக்கும் நைட் மோடு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: சப்வூஃபர் விளம்பரம் தருகிறவர்களிடம் ஆர்.எம்.எஸ். வாட்ஸையும், மைனஸ் 3 டெசிபலில், அதாவது சத்தம் 3 டெசிபல் மட்டும் குறைகிற இடத்தில், எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பதையும் கேட்டு வாங்கி, வாட்ஸ் போடுகிற அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். வாசகர்களே, அந்த எண் இல்லாத விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
லாமிங்டன் ரோடு ஸ்பீக்கர் மெக்கானிக்,
செம்பூர், மும்பை