பூண்டெண்ணெயும் மூணாம் நாளும்

மாப்ள,

கடிதம் வந்தது. இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டாச்சு, நாற்று விட்டிருக்கிறேன். மஞ்சள் விலையை மட்டும் கேட்காதே.

பேரனுக்குக் காதுவலி, பூண்டெண்ணெய் விடலாமா, இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கா என்று கேட்டிருந்தாய். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெத்த பாட்டி, நல்லெண்ணெயில் நாலு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ரெண்டு சொட்டு விடும். மூணாம் நாள் வலி போயிருக்கும், "பாத்தியா சாமி, பூண்டு கேட்டுருச்சு" என்னும். அந்த மூணாம் நாளில்தான் எனக்குச் சந்தேகமே.

இஸ்ரேலில் 171 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டும் வேறு சில மூலிகைகளும் சேர்த்த சொட்டு ஒரு பக்கம், மரத்துப்போக வைக்கும் சொட்டு மறுபக்கம், ரெண்டு பக்கத்திலும் ஒரு பகுதிப்பேருக்குக் கூடவே ஆன்டிபயாடிக். மூலிகைக்காரர்களுக்கும் நன்றாகவே வலி குறைந்தது. ஆனால் எல்லாப் பிரிவிலும் குறைந்தது, பெரும்பகுதி நாள் போனதால் தானாகவே குறைந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். ஒண்ணுமே விடாத பிள்ளைகள் என்று ஒரு பிரிவும் அதில் இல்லை, அப்புறம் எதை வைத்துப் பூண்டுக்கு மார்க் போடுவது? நடுக்காது வலியில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 100-க்கு 60 பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வலி விட்டுவிடுகிறது. போதாததற்கு, சீழ் கட்டுவது செவிப்பறைக்கு அந்தப்பக்கம், நாம் எண்ணெய் விடுவது இந்தப்பக்கம். பறை ஓட்டையில்லாமல் இருந்தால் மருந்து எங்கே உள்ளே போகும்? வெதுவெதுப்பும், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிய அமுச்சியின் கையும் இதமாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

பையன் வாய்க்காலில் குதித்தானா என்று முதலில் கேள். காதுமடலை இழுத்தால் துடிக்கிறான் என்றால் அநேகமாக வெளிக்காதுப் புண், அது வேறு கதை. பச்சைப் பூண்டை மட்டும் காதில் செருகிவிடாதே, தோலைப் புண்ணாக்கிவிடும். எருக்கிலைச் சாறும் வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு. இப்போதைக்கு எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் போதும். காதிலிருந்து சீழோ தண்ணியோ வடிந்தாலும், காதுக்குப் பின்னால் வீங்கினாலும், ரெண்டு நாளில் அடங்காவிட்டாலும் சொட்டு எதுவும் விடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

எப்படி இருக்கிறான் என்று நாளைக்கே போன் போடு.

உன்
மாப்ள