செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: வரியும் லைசென்சும் குறைய வேண்டும்

நெல் அரிசி வியாபாரிகள் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. தணிக்கை முடிந்த வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளாகத் தருகிறார். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பொதுக்குழுவில் அறிமுகம் செய்வோம். குழு கூடிய ஒவ்வொரு தடவையும் பேச்சு கடைசியில் வரியிலும் லைசென்சிலும்தான் போய் நின்றது, அதனால் மீதி அறிக்கை முழுக்க அதைப் பற்றித்தான்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான சரக்கு 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. டிராக்டருக்கு 12-லிருந்து 5, சிமென்டுக்கு 28-லிருந்து 18. மனசு வைத்தால் குறைக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நம் அரிசிச் சிப்பத்தின் மேல் இருந்த 5 சதவீதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

26 கிலோ சிப்பம் யார் கேட்டு வந்தது? வீட்டுக்காரரும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் வரி என்றார்கள். 1,500 ரூபாய் சிப்பத்துக்கு 75 ரூபாய். மில்காரர்கள் சாக்கை மாற்றி அச்சடித்து, தராசில் ஒரு கிலோ கூட்டி வைத்து, 26 கிலோவாகத் தைத்து அனுப்பினார்கள். அரசுக்கு அந்த வரி வரவில்லை, சாக்குச் செலவு மட்டும் நமக்கு. இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மொத்தமாக 26 கிலோ வாங்க வசதியுள்ளவர் வரி கட்டுவதில்லை, கூலி வந்த அன்று 5 கிலோ பை வாங்குகிறவர் கட்டுகிறார். இது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் லைசென்ஸ். நம் உறுப்பினர் ஒருவரின் மில் ஆபீசில் சாமி படங்களுக்குக் கீழே சுவர் முழுக்கச் சட்டம் போட்ட தாள்கள்: தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, பாய்லர் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைமேடை முத்திரைச் சான்று, உள்ளாட்சி உரிமம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு காலாவதித் தேதி. சம்பா வரத்து உச்சத்தில் இருந்தபோது இதில் ஒன்று கைக்கு வராமல் அவர் நெல் அவிப்பதை நிறுத்தினார். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த நெல் புளித்து வாடை அடித்து, அந்த லாட் அரிசியைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை. விண்ணப்பம் நேரத்துக்குத்தான் போட்டிருந்தார். பெரிய ஆலையில் இந்த அலைச்சலுக்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள், சின்ன மில்லில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் அலைகிறவரும் ஒரே ஆள்தான். வியாபாரமே இல்லாத மாதத்துக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தாமதமானால்கூட நாளுக்கு 20 ரூபாய். மில்லை மூடிவிட்டு குடோனை வாடகைக்கு விட்டவர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஏற்றுமதி விஷயத்தில் இன்னும் மோசம். 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை, ஆகஸ்ட் 25-ல் புழுங்கலுக்கு 20 சதவீதத் தீர்வை, இரண்டுமே திடீர் அறிவிப்பு. புழுங்கல் தீர்வை முழுசாக நீங்கியது 2024 அக்டோபர் 22-ல்தான். வெளிநாட்டு வாசலை மூடினால் உள்ளூரில் விலை இறங்கும் என்பது கணக்கு, சரி, அந்த இறக்கம் கடைசியில் விவசாயி விற்கும் நெல்லின் விலையில்தான் விழுகிறது.

அவரும் விதியில் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது. ஐப்பசி மழையில் குறுவை அறுத்தால் 17 எப்படி வரும்? வருஷா வருஷம் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகிறது, குழு வந்து அளக்கிறது, அதற்குள் சாலையோரம் கொட்டிய நெல் முளைக்கிறது. 2022-ல் 19 வரை தளர்த்தினார்கள். நாம் ஈர நெல்லை விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு அன்றைக்கே வாங்குகிறோம், அதையே அங்கேயும் செய்யலாமே.

கட்டுப்பாட்டை எடுத்தால் அரிசி பதுங்கும் என்று சொல்வோருக்கு 1952-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். யுத்த காலத்தில் தொடங்கிய தானியக் கட்டுப்பாட்டை அந்த ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி எடுத்தபோது பயந்தவர்கள் பலர். பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது.

எல்லா விதியும் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கும் 2020 சட்டம் இருக்கத்தான் வேண்டும், மண் கெட்டால் நமக்கு ஏது தொழில்? ரேஷன் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அரசுக்கு வருமானம் வேண்டும், அதையும் மறுக்கவில்லை. கட்டக்கூடிய அளவில் வரி இருந்தால் 26 கிலோ பை தைக்க எவரும் மெனக்கெட மாட்டார்கள்.

பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்கள் வருகின்றன. எந்த எடையில் கட்டினாலும் அரிசிக்கு வரி கூடாது. எல்லா உரிமத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல், குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகவே கொள்ள வேண்டும். ஏற்றுமதி விதியை அறுவடைக்கு நடுவில் மாற்றக்கூடாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே எழுதித் தாருங்கள். தாமதக் கட்டண ரசீது, நோட்டீஸ், நிலுவையில் கிடக்கும் விண்ணப்பம் எது இருந்தாலும் நகல் எடுத்து வாருங்கள், மனுவோடு இணைக்க வேண்டும்.

செயலாளர்