அந்த ஜாடிகளைக் கொட்டிவிடாதீர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் ஒரு கல்லூரியில் துறை அருங்காட்சியகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறை கணினி ஆய்வகமாகப் போகிறதாம். மாடிப்படிக்கு அடியில் நாற்பது ஐம்பது கண்ணாடி ஜாடிகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் பாதிக்குமேல் வற்றி, தலைப்பக்கம் காய்ந்து கறுத்துப்போன ஓர் ஆரல் மீன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'கொள்ளிடம், அணைக்கரை, 12.8.1958'. மை துளிகூடக் கலையவில்லை. மறுநாள் போனபோது படிக்கு அடியில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அந்தச் சீட்டுக்காகத்தான் இந்த மடல். ஆற்றில் என்ன குறைந்திருக்கிறது என்று சொல்ல, முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமே. அதற்குச் சாட்சி இந்த ஜாடிகள்தான்.

1867-இல் ஆலன் ஹியூம் (காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்) சட்லஜ் பள்ளத்தாக்கில் ஒரு நாணல் கதிர்க்குருவியைப் பிடித்துப் பாடம் செய்தார். நூறு வருடத்துக்கும் மேலாக அந்த இனத்துக்கு என்று தெரிந்திருந்தது அந்த ஒரே தோல். அது தனி இனம்தானா என்றே சந்தேகம் இருந்தது. 2002-இல் அதன் டிஎன்ஏவைப் பார்த்துத் தனி இனம்தான் என்றார்கள். 2006-இல் தாய்லாந்தில் ஒரு குருவி வலையில் சிக்கியபோது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தோல் இருந்தது. அப்புறம் அருங்காட்சியக இழுப்பறைகளைத் துழாவினால், வேறு பெயர்ச் சீட்டோடு அதே குருவி இன்னும் பல! சீட்டுகளில் இருந்த ஊர்களும் தேதிகளும் மத்திய ஆசியாவைக் காட்டின. சீக்கிரமே ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் அது கூடுகட்டும் இடமும் தெரியவந்தது. எங்கே வாழ்கிறது என்றே தெரியாத பறவையை எப்படிக் காப்பாற்றுவது?

பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் கதையும் இப்படித்தான். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் அதன் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடைபோட்டுப் பார்த்து, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-இல் காட்டினார். டிடிடி என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த காலம் அது. முட்டை எடுத்தவர்கள் பூச்சிமருந்தை நினைத்து எடுக்கவில்லை. தேதியை மட்டும் ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள்.

புதிதாக எந்த உயிரையும் பிடித்துவரச் சொல்லவில்லை. அறுத்துப் பார்க்கும் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னது சரியான முடிவு. இனி அப்படிச் சேராது என்பதால்தான் இருப்பது அருமையாகிறது.

சரி, செலவில்லாமல் தொடங்கலாம். ஒரு செமஸ்டர் மாணவர்களை விட்டு எல்லா ஜாடியையும், சீட்டையும், உலர்செடித் தாளையும் படம் எடுத்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். வற்றிய ஜாடிகளைத் தனியே எடுத்துவையுங்கள். இடமே இல்லை என்றால், கொட்டுவதற்கு முன் சென்னையில் உள்ள ஜூவாலஜிக்கல் சர்வே மண்டல மையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். செடி என்றால் கோவை பொட்டானிக்கல் சர்வேக்கு. சீட்டு உதிர்ந்துபோன ஜாடிகளைப் பற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடம் கேளுங்கள். எந்த ஏரி, எந்த வருடம் என்று அவர்களில் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். இந்த விடுமுறையிலேயே ஒருமுறை அவர்களைத் துறைக்கு அழைத்துவாருங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் விலங்கியல் மாணவன்