வெள்ளக் கணக்கெடுப்பில் மனிதர்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

சென்னை வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த மழைக்குப் பிறகு வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவர், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: சுவர் இடிந்ததா, தண்ணீர் எத்தனை அடி நின்றது, குடும்ப அட்டை எந்த முகவரியில் இருக்கிறது. சுவர் இடியவில்லை, அட்டை சொந்த ஊர் முகவரியில் இருந்தது. அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்கப்பட்டது. அவர் வேலை பார்க்கும் வீடுகள் பூட்டிக் கிடந்ததால் சம்பளம் பிடிக்கப்பட்டதையும், சர்க்கரை நோய் மாத்திரைகள் நனைந்து வீணானதையும், மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு இடம் கொடுத்ததால்தான் அவர் அன்றிரவு பிழைத்தார் என்பதையும் எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இவற்றைக் கேட்டறியும் பேரிடர்ச் சமூகவியல் என்ற துறை நேற்று பிறந்ததல்ல. 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதறியபின் அந்நகரம் மீண்ட விதத்தை, அங்கேயே பாதிரியாராக இருந்த சாமுவேல் பிரின்ஸ் ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார். 1963இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையம், பேரிடர் நடந்த கையோடு ஆய்வாளர்களை அங்கே அனுப்பியது. மக்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு, முதலில் கைகொடுப்பவர்கள் அக்கம்பக்கத்தார்தான் என்று அத்தகைய ஆய்வுகள் காட்டின. 2015 டிசம்பரில் மீனவர்கள் தங்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்ததைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1995இல் சிகாகோ வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பின்னர் ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், முதியவர்களிடையே ஏறத்தாழ ஒரே அளவு வறுமை நிலவிய இரு பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டார். கடைகளும் நடமாட்டமும் நிறைந்த பகுதியில் சாவு குறைவு. வெறிச்சோடிய தெருக்களில் தனித்திருந்த முதியவர்களே மிகுதியாக இறந்தனர். வெப்பமானி மட்டும் இதைச் சொல்லியிருக்காது. அதுபோலவே, தண்ணீர் நின்ற அடிக்கணக்கு மட்டும் எங்கள் தெருவின் கதையைச் சொல்லாது.

கொள்ளைநோய்க்கும் இது பொருந்தும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறுதிச் சடங்கு குறித்துக் குடும்பத்தாரோடு பேசி, பாதுகாப்பும் மரியாதையும் கெடாத அடக்க முறையை வகுக்க மானுடவியலாளர்கள் துணைநின்றார்கள். அந்தப் பாடம் கண்முன் இருந்தும், 2020 ஏப்ரலில் இதே சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியது. மக்களின் அச்சத்தை முன்கூட்டியே கேட்டறிய ஆளில்லாமல் போனதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. இன்று நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆகவே, கணக்கெடுப்புக் குழுக்களில் சமூகவியலாளர்களையும் மானுடவியலாளர்களையும் சேர்க்க வேண்டும். நம் நகரக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற மாணவர்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். வாடகைதாரர், வேலையிழப்பு, மருந்து, உதவிய அண்டைவீட்டார் ஆகியவற்றுக்குப் படிவத்தில் கட்டம் வேண்டும். தொகுத்த விவரங்களைப் பெயர் நீக்கித் தெருவாரியாக வெளியிடவும் வேண்டும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை