தீபாவளியன்று வேலைக்கு வர மறுத்த பையனைப் பற்றி முதலாளிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை. கொழும்பு புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் புடைவைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை; இக்கடிதம் யாருக்கு என்பதை வாசித்ததும் நீங்கள் அறிந்துகொள்வீர்கள். நேரில் சொன்னபோது சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

2025 ஒக்டோபர் 20, திங்கட்கிழமை தீபாவளி. முதல் நாள் ஞாயிறு இரவு, கடைசி வாடிக்கையாளர் வெளியேறி, குலைந்து கிடந்த சேலைகளையெல்லாம் மடித்து அடுக்கி முடிந்தபோது நள்ளிரவாகிவிட்டது. மறுநாளும் அரை நாள் திறக்கப்போவதாக அப்போதுதான் அறிவித்தீர்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மலையகத்து ஹட்டன் பையன் மட்டும், "ஐயா, நாளைக்கு என்னால் நிற்க முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும்" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனான். அந்தப் பைக்குள் இருந்த தாயின் சேலையும் தங்கையின் சுடிதாரும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி உங்கள் கடையிலேயே எடுத்தவை. பற்றுப் புத்தகத்தில் இரண்டும் பதிவாகியிருப்பதைக் கணக்கெழுதுபவன் என்ற முறையில் நானே பார்த்தேன். புதன்கிழமை திரும்பி வந்தவனை இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள். அந்த மாதம் அவன் உழைத்த நாட்களுக்குரிய சம்பளத்தையும் கொடுக்கவில்லை.

தீபாவளி வர்த்தக விடுமுறை, அதாவது கடைகளும் தனியார் நிறுவனங்களும் கட்டாயம் விட வேண்டிய விடுமுறை, அல்ல என்பது உங்கள் வாதம். அது உண்மைதான். இந்து சமயப் பண்டிகைகளில் தைப்பொங்கலுக்கு அந்தப் பட்டியலில் இடமுண்டு; தீபாவளியும் மகா சிவராத்திரியும் அரச, வங்கி விடுமுறைகளோடு நின்றுவிடுகின்றன. மீலாத் நபி தினம் இருக்கிறது, இரண்டு பெருநாட்களும் இல்லை. நத்தார் இருக்கிறது, பெரிய வெள்ளி இல்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 14ஆம் உறுப்புரை சமயத்தை அனுட்டிக்கும் சுதந்திரத்தையும் உறுதிப்படுத்தினாலும், அடிப்படை உரிமை மனு ஆட்சித்துறை, நிர்வாகத்துறைச் செயல்களுக்கு எதிராகத்தான் செல்லும். ஒரு புடைவைக் கடைக்கு எதிராக அவன் உயர் நீதிமன்றப் படியேற முடியாது. இவை உங்களுக்குச் சாதகமானவை.

ஆனால் சட்டத்தை எடுத்தால் முழுவதாக எடுக்க வேண்டும். ஒக்டோபர் 6, வப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினத்தன்று கடை திறந்திருந்தது. அன்றைய வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டமே. உழைத்த நாட்களின் சம்பளத்தைக் கோபத்தில் நிறுத்தி வைப்பதற்கு எந்தச் சட்டத்தின் துணையும் உங்களுக்குக் கிடையாது. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் அவன் ஒரு முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் முதலில் விசாரிக்கப்படுவது இதுதான்.

அரசாங்கப் பட்டியல் ஒருவருடைய புனித நாளைத் தீர்மானிப்பதில்லை என்பதை உங்கள் தலைமுறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1966இல் ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கிப் நிலவின் நான்கு கட்டங்களிலும் வரும் போயா தினங்களை வார விடுமுறையாக்கினார்கள். 1971இல் அதை மாற்றி மீண்டும் ஞாயிற்றுக்கே வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஞாயிறாகத்தான் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வெசாக்கிற்கு இரண்டு நாளும் கடை பூட்டு. சிங்களப் பிள்ளைகள் அதற்கு முதல் நாளே ஊருக்குப் போவதையும் நீங்கள் தடுப்பதில்லை. நோன்புப் பெருநாளன்று தையற்காரர் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. மற்றச் சமயத்தவரின் நாளை இவ்வளவு பக்குவமாக மதிக்கும் நீங்கள், உங்கள் சமயத்தவனின் நாளை மட்டும் உங்கள் சொத்தாக நினைத்துவிட்டீர்கள். நம்ம பையன்தானே, சமாளித்துக்கொள்வான் என்ற எண்ணம். அந்தத் திங்கள் காலையில் நீங்கள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு, கல்லாவில் மருமகனை இருத்தினீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் அடுத்தபடியாகவே தீபாவளி வரும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அப்படியல்ல. ஆண்டு முழுவதும் கொழும்பில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் விடியுமுன் எண்ணெய் வைத்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, தாயின் கையால் இறைச்சிக் கறி சாப்பிடும் ஒரே நாள் அது. அன்று பிற்பகல் விட்டால் அவன் தோட்டத்து லய வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்.

வாடகையும் வங்கிக் கடனும் உங்களை நெருக்குவது எனக்குத் தெரியும். அவற்றையும் நான்தானே எழுதுகிறேன். தீபாவளிக் காலையில் திறக்க வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள். கொழும்பில் வீடுள்ளவர்களில் விரும்பி நிற்பவர்களுக்கு இரட்டைச் சம்பளம் கொடுங்கள்.

பையனுக்கு ஒக்டோபர் 19 வரையான சம்பளத்தையும், போயா தினத்துக்குரிய மேலதிகத்தையும், சேலைக்கும் சுடிதாருக்கும் உரியதைக் கழித்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள்; கழிப்பதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. திரும்ப வேலைக்கு எடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, கூப்பிட்டால் வருவான். அதுவரை அந்த மாதச் சம்பளப் பதிவேட்டை நான் முடித்துத் தரப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் கணக்கெழுதுபவன்